ரஷ்ய நடிகரின் வாழ்க்கைக் குறிப்பு எழுதுவது எப்படி: தீஹனவை வைத்து ஒரு செய்முறை

ஃபிலிம் சொசைட்டியில் பழைய சோவியத் படம் ஒன்று போடுகிறார்கள், நடிகரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று வையுங்கள். ஆங்கிலத்தில் கிடைக்கும் ஒரு பக்கத்தைத் தமிழாக்கினால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். அப்படி முடிந்த குறிப்புகளில் தவறுகள் பெரும்பாலும் ஒரே இடங்களில்தான் உட்கார்ந்திருக்கும்: பெயரின் உச்சரிப்பு, பிறந்த ஊர், பட்டங்கள், படத்தின் ஆண்டு, ‘தொடர்’ என்ற சொல். இவற்றைச் சரிபார்க்க ரஷ்ய மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. சிரிலிக் எழுத்துகளைக் கூட்டி வாசிக்கத் தெரிந்தால் போதும். அதற்கு இரண்டு மாலைப் பொழுதுகள் செலவாகும்.

மாதிரிக்கு வியச்செஸ்லாவ் தீஹனவை எடுத்துக்கொள்வோம். சினிமா, தொலைக்காட்சி இரண்டிலும் உச்சம் தொட்டவர். சோவியத் காலத்திலும் அதற்குப் பிறகும் நடித்தவர். ஒரே ஒரு வேடம் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிட்ட நடிகரும்கூட. குறிப்பு எழுதுபவருக்கு வரக்கூடிய சிக்கல் அத்தனையும் இவரிடம் கிடைக்கும்.

பெயர்

ரஷ்யப் பெயரில் மூன்று துண்டுகள் உண்டு. வியச்செஸ்லாவ் இட்ட பெயர், வசீலியெவிச் தந்தைவழிப் பெயர் (வசீலியின் மகன்), தீஹனவ் குடும்பப் பெயர். தந்தை பெயரை இனிஷியலாகப் போட்டுக்கொள்ளும் நமக்கு நடுத்துண்டு சட்டென்று புரிய வேண்டும். ஆனால் அங்கே அது மரியாதைச் சொல்லாகவும் இயங்குகிறது. ரஷ்யப் பேட்டியில் “வியச்செஸ்லாவ் வசீலியெவிச் சொன்னார்” என்று வந்தால் அது தீஹனவ்தான், வேறொருவர் அல்ல. இந்த இடத்தில் ‘வசீலியெவிச்’ என்ற இல்லாத நடிகரை உண்டாக்கிவிடுவது அடிக்கடி நடக்கும் விபத்து.

செல்லப் பெயர் இன்னொரு பொறி. வியச்செஸ்லாவ் வீட்டில் ‘ஸ்லாவா’ ஆகிவிடுவார். ஸ்தனிஸ்லாவும் அதே ‘ஸ்லாவா’தான். தீஹனவ் இளவயதில் கையில் பச்சை குத்திக்கொண்ட சொல்லும் இதுவே. பின்னால் படப்பிடிப்புகளில் ஒப்பனையால் அதை மறைக்க வேண்டியிருந்தது. ‘ஸ்லாவா’வுக்கு ரஷ்ய மொழியில் ‘புகழ்’ என்றும் பொருள் இருப்பதால், இயந்திர மொழிபெயர்ப்பு “கையில் புகழ் என்று பச்சை குத்தியிருந்தார்” என்று தரும். அதை நம்பி ஒரு தத்துவப் பத்தி எழுதிவிடாதீர்கள். பையன் தன் பெயரைக் குத்திக்கொண்டான், அவ்வளவுதான்.

எழுத்துக்கூட்டலுக்கு ஒரு விதி: ஆங்கில எழுத்தைப் பார்த்துத் தமிழில் எழுதாதீர்கள். ரஷ்ய மொழியில் அழுத்தம் விழாத ஓகாரம் ‘அ’வாகக் குழையும். தீஹனவில் அழுத்தம் முதல் அசையில் விழுவதால் பின்னால் உள்ள இரண்டு ஓகாரங்களும் மெலிகின்றன. ஆங்கிலம் வழியாக வந்தால் ‘டிக்கோனோவ்’ ஆகிவிடும். ரஷ்யர் காதில் அது யாரோ. மாஸ்கோவில் அச்சான பழைய தமிழ் நூல்களில் ‘தல்ஸ்தோய்’ என்று போட்டதற்கும் இதே காரணம்தான். கடைசியில் வரும் ‘வ்’ பேச்சில் ‘ஃப்’ போல ஒலித்தாலும் ‘வ்’ என்றே எழுதுங்கள். வேற்றுமை உருபு சேரும்போது ‘தீஹனவின்’, ‘தீஹனவுக்கு’ என்று இயல்பாக வரும். ரஷ்ய ‘т’ எழுத்துக்கு ‘த’ போடுங்கள், ‘ட’ வேண்டாம். தமிழில் ஏற்கெனவே ஊறிப்போன மாஸ்கோ, கார்க்கி போன்றவற்றை மட்டும் தொடாமல் விடுங்கள். ‘கோர்க்கி’ என்று திருத்தினால் வாசகர் வேறு ஆளைத் தேடுவார்.

‘யோ’ எழுத்தின் தலையில் இருக்க வேண்டிய இரண்டு புள்ளிகள் ரஷ்ய அச்சில் பெரும்பாலும் விழுந்துவிடும். அதனால்தான் தீஹனவ் நடித்த உளவுத் தொடரின் கதையாசிரியர் யூலியான் செம்யோனவ் சில பக்கங்களில் ‘செமெனவ்’ ஆகிறார். இரண்டும் ஒரே எழுத்தாளர்தான்.

முதல் முறை மூன்று துண்டும், அதன்பின் குடும்பப் பெயர் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடிகருக்கு எங்கும் ‘அர்’ விகுதி. கதாபாத்திரத்துக்கு ‘அன்’ போடுவதா ‘அர்’ போடுவதா என்பது உங்கள் விருப்பம். ஒரே பத்தியில் மாற்றி மாற்றிப் போட்டால் நடிகர் எங்கே முடிகிறார், வேடம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் போகும்.

தேதியும் ஊரும்

தீஹனவ் பிறந்தது 1928 பிப்ரவரி 8, இறந்தது 2009 டிசம்பர் 4. தேதியில் சிக்கல் எதுவும் இல்லை. ஆனால் இவருக்கு மூத்த தலைமுறையைப் பற்றி எழுதினால் பழைய நாட்காட்டியில் மாட்டிக்கொள்வீர்கள். ரஷ்யாவில் 1918 ஜனவரி 31க்கு மறுநாள் பிப்ரவரி 14 ஆனது. அதற்கு முன் பிறந்த எல்லோருக்கும் இரண்டு தேதிகள் உண்டு. 20ஆம் நூற்றாண்டில் வித்தியாசம் 13 நாள், 19ஆம் நூற்றாண்டில் 12 நாள். நடிகர் நிக்கலாய் செர்க்காசவ் 1903 ஜூலை 14 (பழையது), ஜூலை 27 (புதியது). இயக்குநர் ஐசன்ஸ்டைன் 1898 ஜனவரி 10, புதிய கணக்கில் 22. எல்லோருக்கும் 13ஐக் கூட்டினால் ஐசன்ஸ்டைனுக்கு ஒரு நாள் பிசகும். தலைப்பில் புதிய தேதியைப் போட்டுவிட்டு, பழையதை அடைப்புக்குறிக்குள் காட்டினால் போதும்.

ஊர் பாவ்லவ்ஸ்கி பஸாத். மாஸ்கோவுக்குக் கிழக்கே உள்ள நெசவு ஊர், பூப்போட்ட சால்வைகளுக்குப் பெயர் பெற்றது. இப்போது அது மாஸ்கோ மாகாணத்தில் இருக்கிறது என்று ‘மாஸ்கோ ஓப்லஸ்தில் பிறந்தார்’ என எழுதிவிடுவார்கள். அந்த நிர்வாகப் பிரிவு உருவானது 1929இல். 1928இல் அது பழைய மாஸ்கோ குபெர்னியா. ‘மாஸ்கோவுக்கு அருகே’ என்று எழுதினால் தப்பித்துக்கொள்ளலாம், வாசகருக்கும் அதுதான் பயன்படும். பிறந்த நாடு சோவியத் ஒன்றியம், இறந்த நாடு ரஷ்யா. இரண்டையும் தனித்தனியே குறியுங்கள்.

‘ரஷ்ய நடிகர்’ என்று எழுதும் முன் ஒரு நொடி யோசியுங்கள். தீஹனவுக்கு அது பொருந்தும். சோவியத் படங்களில் நடித்த எல்லோருக்கும் பொருந்தாது. தொனாத்தாஸ் பனியோனிஸ் லித்துவேனியர். அவர் நடித்த ‘சொலாரிஸ்’ படத்தின் ரஷ்யப் பதிப்பில் நீங்கள் கேட்கும் குரல்கூட அவருடையது அல்ல, விளதீமிர் ஸமான்ஸ்கியின் குரல்.

படிப்பு

போர்க்காலத்தில் ஆலையில் கடைசல் தொழிலாளியாக வேலை பார்த்துவிட்டு, 1945இல் மாஸ்கோவின் திரைப்படக் கல்லூரியான வ்கிக்கில் சேர்ந்தார். 1950இல் முடித்தார். இதோடு நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும். அங்கே மாணவர் கல்லூரியில் மட்டுமல்ல, ஓர் ஆசிரியரின் ‘பட்டறை’யில் சேர்கிறார். யாருடைய பட்டறை என்பது நம் ஊரில் இசைக்கலைஞரின் குருவைக் கேட்பது போல. தீஹனவின் பட்டறை பரீஸ் பீபிகவ், ஓல்கா பிஷோவா இருவருடையது.

இங்கே ஒரு பழைய குழப்பம் இருக்கிறது. அவருடைய முதல் படம் 1948இல் வந்த ‘இளம் காவற்படை’. இயக்குநர் செர்கேய் கெராசிமவ். கெராசிமவ் தன் மாணவர்கள் பலரை அதில் நடிக்க வைத்தார். கல்லூரிக்கு இன்று அவர் பெயர்தான் இருக்கிறது. இரண்டையும் கூட்டித் தீஹனவை ‘கெராசிமவின் மாணவர்’ ஆக்கிவிடுகிறார்கள். தீஹனவும், அதே படத்தில் நடித்து அவருடைய முதல் மனைவியான நோன்னா மர்த்யுக்கோவாவும் பீபிகவ்-பிஷோவா பட்டறைக்காரர்கள். கல்லூரிக்குக் கெராசிமவ் பெயர் சூட்டப்பட்டது 1986இல். 1945இல் கெராசிமவ் பெயர் தாங்கிய கல்லூரியில் யாரும் சேர்ந்திருக்க முடியாது.

படப்பட்டியல்: சொற்களிலேயே பாதித் தவறு

அதிக நேரம் இங்கேதான் செலவாகும். ரஷ்யப் பட்டியல்களில் வரும் சில சொற்கள் ஆங்கிலச் சொல்போலவே ஒலிக்கும், பொருள் வேறு.

‘செரியா’ என்றால் ஒரு பகுதி, ஒரு எபிசோட். ‘12 செரியா’வை ‘12 தொடர்கள்’ என்று எழுதினால் அவர் பன்னிரண்டு தொடர்களில் நடித்ததாக ஆகிவிடும். உண்மையில் அது பன்னிரண்டு பகுதிகள் கொண்ட ஒரே தொடர்.

‘எபிஸோத்’ என்பதற்கும் எபிசோடுக்கும் சம்பந்தமில்லை. பட்டியலில் வேடத்தின் பெயருக்குப் பதில் இச்சொல் இருந்தால் ‘தலைகாட்டும் சிறு வேடம்’ என்று பொருள்.

‘ஹுதோஷெஸ்த்வென்னி ஃபீல்ம்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் எடுத்தால் ‘கலைப்படம்’ வரும். நமக்குக் கலைப்படம் என்றால் பாட்டு, சண்டை இல்லாத விருதுப் படம். அவர்களுக்கு அது வெறும் ‘கதைப்படம்’; ஆவணப்படம் அல்ல என்று சொல்வதற்கான சொல். எந்த மசாலாப் படத்துக்கும் அது பொருந்தும்.

‘தெலெஸ்பெக்தாக்ல்’ மேடை நாடகத்தைத் தொலைக்காட்சிக்காகப் பதிவு செய்தது. அதைத் திரைப்படத்தோடு கலக்காமல் தனியாகப் போடுங்கள். குரல் மட்டும் கொடுத்த படங்களுக்கும் தனி வரிசை வேண்டும்.

ஆண்டைப் போடும்போது தயாரிப்பு ஆண்டா, வெளியான ஆண்டா என்று முதலிலேயே முடிவு செய்து, கடைசிவரை அதையே பின்பற்றுங்கள். ‘போரும் அமைதியும்’ நான்கு பகுதிகளாக வந்தது. முதல் பகுதி 1965இல் மாஸ்கோ விழாவில் திரையிடப்பட்டது, அரங்குகளுக்கு 1966இல் வந்தது, நான்காவது பகுதி 1967. வேற்றுமொழிப் படத்துக்கான ஆஸ்கர் கைக்கு வந்தது 1969இல். இந்த ஆண்டுகளில் எதையும் ‘படம் வந்த ஆண்டு’ என்று போட்டவர்கள் இருக்கிறார்கள். (டி.எஸ். சொக்கலிங்கம் தமிழாக்கிய நாவலுக்குப் பெயர் ‘போரும் வாழ்வும்’. வாசகர் அந்தப் பெயரிலும் தேடுவார் என்பதால் ஒரு முறை குறிப்பிட்டுவிடுங்கள்.)

அவசரத்துக்கு உதவும் முதுகெலும்பு இதுதான். 1957, ‘பென்கோவோவில் நடந்தது’, ஸ்தனிஸ்லாவ் ரஸ்தோத்ஸ்கி இயக்கம், டிராக்டர் ஓட்டும் மத்வேய். 1958, ‘அவசர நிலை’. 1965-67, செர்கேய் பந்தர்ச்சூக்கின் ‘போரும் அமைதியும்’, இளவரசர் அந்த்ரேய். 1968, மீண்டும் ரஸ்தோத்ஸ்கி, ‘திங்கள்வரை தாக்குப்பிடிப்போம்’, வரலாற்று ஆசிரியர். 1973, தத்யானா லியோஸ்னவாவின் ‘வசந்தத்தின் பதினேழு கணங்கள்’. 1975, பந்தர்ச்சூக்கின் ‘தாய்நாட்டுக்காகப் போரிட்டார்கள்’. 1977, ரஸ்தோத்ஸ்கியின் ‘வெள்ளை பிம், கறுப்புக் காது’, நாயை வளர்க்கும் இவான் இவானவிச். 1984, தொலைக்காட்சிக்குத் திரும்பி, ‘தாஸ் அறிவிக்க அதிகாரம் பெற்றுள்ளது’, பத்துப் பகுதிகள். 1994, நிக்கீத்தா மிஹல்கோவின் ஆஸ்கர் வென்ற படத்தில் துணை வேடம்.

எல்லாப் படத்தையும் அடுக்காதீர்கள். ரஸ்தோத்ஸ்கி என்ற பெயர் எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள். கிராமத்து முரட்டு இளைஞனாக, ஆசிரியராக, முதியவராகத் தீஹனவை வெவ்வேறு வயதில் படம்பிடித்தவர் அவர். குறிப்புக்கு ஒரு சரடு வேண்டுமென்றால் இதைவிட நல்லது கிடைக்காது.

பட்டங்கள்

சோவியத் பட்டங்களில் இரண்டு படிகள், இரண்டு தளங்கள். கீழ்ப்படி ‘மதிப்புறு கலைஞர்’, மேல்படி ‘மக்கள் கலைஞர்’. கீழ்ப்படியைக் குடியரசுகள் மட்டுமே தரும்; மேல்படியைக் குடியரசும் தரும், ஒன்றியமும் தரும். மாநில விருதுக்கும் பத்ம விருதுக்கும் உள்ள இடைவெளியை நினைத்துக்கொள்ளுங்கள். தீஹனவ் 1961இல் ரஷ்யக் குடியரசின் மதிப்புறு கலைஞர், 1969இல் ரஷ்யக் குடியரசின் மக்கள் கலைஞர், 1974இல் சோவியத் ஒன்றியத்தின் மக்கள் கலைஞர். ‘மக்கள் கலைஞர் பட்டத்தை இரு முறை பெற்றார்’ என்று எழுதினால் தவறு. அவை இரண்டு வேறு பட்டங்கள்.

ஆங்கிலத்தில் ‘ஆர்ட்டிஸ்ட்’ என்று ஒரே சொல் இருப்பதால் இன்னொரு பள்ளம். ரஷ்ய மொழியில் ஓவியர்களுக்கான பட்டம் வேறு சொல். நடிகரை ‘மக்கள் ஓவியர்’ ஆக்கிய மொழிபெயர்ப்புகள் உண்டு, சிரிக்காதீர்கள்.

1982இல் கிடைத்த ‘சோசலிச உழைப்பு வீரர்’ திரைத்துறை விருதே அல்ல. நாட்டின் உயரிய குடிமை விருதுகளில் ஒன்று, சுரங்கத் தொழிலாளிக்கும் விஞ்ஞானிக்கும் தரப்பட்டது. 1980இல் ‘வெள்ளை பிம்’ படத்துக்காகக் கிடைத்த லெனின் பரிசும், 1970இல் ‘திங்கள்வரை’ படத்துக்காகக் கிடைத்த அரசுப் பரிசும் வேறு வரிசை. மூன்றையும் ‘விருதுகள்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டாமல், பட்டம், பரிசு, குடிமை விருது என்று பிரித்து எழுதுங்கள்.

வசூல் இல்லை, தலைகள்

சோவியத் படங்களுக்கு வசூல் தேடாதீர்கள். அங்கே எண்ணியது விற்ற டிக்கெட்டுகளை. அதுவும் முதல் ஓட்டத்துக்கு மட்டுமான கணக்கு. ‘அவசர நிலை’ 4.7 கோடிக்கு மேல் பார்வையாளர்களோடு 1959ஆம் ஆண்டுப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. படம் 1958, பட்டியல் 1959. இது பிழையல்ல, தயாரிப்பு ஆண்டு வேறு, அரங்குகளில் ஓடிய ஆண்டு வேறு. பல பகுதிப் படங்களுக்கு ஒவ்வொரு பகுதிக்கும் தனிக் கணக்கு. ‘போரும் அமைதியும்’ முதல் பகுதிக்கு ஏறக்குறைய 5.8 கோடி, கடைசிப் பகுதிக்கு 2 கோடியை ஒட்டி. நான்கையும் கூட்டி ‘இத்தனை கோடிப் பேர் பார்த்தார்கள்’ என்று எழுதினால், நான்கையும் பார்த்த ஒருவரை நான்கு பேராக எண்ணியதாகும்.

ஷ்டிர்லிட்ஸ்

1973 ஆகஸ்ட் 11 முதல் 24 வரை ‘பதினேழு கணங்கள்’ முதன்முறை ஒளிபரப்பானது. பன்னிரண்டு பகுதிகள், ஒவ்வொன்றும் சுமார் 70 நிமிடம், கறுப்பு வெள்ளை. 1945ஆம் ஆண்டின் பெர்லினில் நாஜி அதிகாரி வேடத்தில் வாழும் சோவியத் உளவாளி ஷ்டிர்லிட்ஸ், தொடரில் அவருடைய ரஷ்யப் பெயர் இசாயெவ். பார்த்துவிட்டுத்தான் எழுதவேண்டும், வண்ணப் பதிப்பைப் பார்க்காதீர்கள். 2009இல் நிறமூட்டியபோது பகுதிகளின் நீளத்தையும் குறைத்தார்கள். லியோஸ்னவாவின் நிதானம்தான் இந்தத் தொடரின் உயிர். அதை வெட்டினால் தீஹனவின் நடிப்பு பாதி போய்விடும்.

எழுதுபவர்கள் வழுக்கும் இடம், குரல். ஷ்டிர்லிட்ஸ் சும்மா உட்கார்ந்திருக்கிறார், பின்னணியில் அவர் யோசிப்பதை ஒரு கனத்த குரல் சொல்கிறது. அது தீஹனவின் குரல் அல்ல. யெஃபீம் கபெல்யான் என்ற நடிகரின் குரல். பாட்டு யோசிஃப் கப்ஸோன் பாடியது, இசை மிக்காயெல் தரிவெர்தியெவ். அந்த நிமிடங்களில் தீஹனவிடம் மிஞ்சுவது முகமும் கையும் மட்டும்.

இதைக் காட்ட ஒரு காட்சி போதும். ‘எலிஃபண்ட்’ என்ற மதுக்கடையில் அவர் ஒரு மேசையில் இருக்கிறார். பல ஆண்டுகளாகப் பார்க்காத மனைவியை ஒருவர் அழைத்துவந்து தொலைவில் உள்ள மேசையில் உட்காரவைக்கிறார். பேசக்கூடாது, அருகில் போகக்கூடாது. பல நிமிடங்களுக்கு ஒரு வசனமும் இல்லை. இந்தக் காட்சியை மூன்று முறை பாருங்கள். முதல் முறை சாதாரணமாக. இரண்டாம் முறை ஒலியை அணைத்துவிட்டு, அவர் பார்வை எப்போது அவளிடம் போகிறது, எப்போது விலகுகிறது என்று மட்டும். மூன்றாம் முறை படத்தைப் பார்க்காமல் பியானோவை மட்டும். அதன்பிறகு எழுதினால் ‘உணர்ச்சிகரமாக நடித்திருந்தார்’ என்ற வாக்கியம் தானாகவே கைக்கு வராது. உடன் நடித்தவர் பெயரைப் போட மறக்காதீர்கள்: எலியனோரா ஷஷ்கோவா. அந்தச் சில நிமிடங்களில் அவருடைய பங்கும் சமம்.

இந்தத் தொடரைச் சுற்றிக் கதைகள் ஏராளம். ஒளிபரப்பு நேரத்தில் தெருக்கள் வெறிச்சோடின, குற்றங்கள் குறைந்தன; சோவியத் தலைவர் பிரெஷ்னெவ் பார்த்து உருகி 1982 விருதைக் கொடுத்தார். எண்ணிக்கையோ ஆவணமோ கையில் இல்லாதவரை, ‘என்று சொல்வார்கள்’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் போடாதீர்கள். ஷ்டிர்லிட்ஸ் பற்றிய நகைச்சுவைத் துணுக்குகள் மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாத உண்மை. ரஷ்யாவில் அவை தனி வகையாகவே வளர்ந்துவிட்டன, ஒரு வரி கொடுக்கலாம்.

அளவு

800 சொல் குறிப்பு என்றால் பிறப்பு, ஊர், ஆலை எல்லாம் சேர்த்து 80 சொல். கல்லூரியும் முதல் படமும் 100. 1957 முதல் 1968 வரை 250. பெரும்பாலானோர் இதை இரண்டு வரியில் தாண்டி ஷ்டிர்லிட்ஸிடம் ஓடுவார்கள், ஓடாதீர்கள். ஷ்டிர்லிட்ஸுக்கு 200, அதிலும் பாதி அந்த ஒரு காட்சிக்கு. மிச்சம் பிற்காலத்துக்கும் பட்டங்களுக்கும். மணவாழ்க்கைக்கு இரண்டு வாக்கியம் போதும்.

தொடக்கப் பத்தி இப்படி அமையலாம்:

“வியச்செஸ்லாவ் வசீலியெவிச் தீஹனவ் (1928-2009) சோவியத், ரஷ்யத் திரைப்பட, தொலைக்காட்சி நடிகர். மாஸ்கோவுக்கு அருகே பாவ்லவ்ஸ்கி பஸாத்தில் பிறந்து, வ்கிக்கில் பீபிகவ், பிஷோவா பட்டறையில் பயின்றார். ‘போரும் அமைதியும்’ படத்தின் இளவரசர் அந்த்ரேயாகவும், ‘வசந்தத்தின் பதினேழு கணங்கள்’ தொடரின் ஷ்டிர்லிட்ஸாகவும் அறியப்படுகிறார். 1974இல் சோவியத் ஒன்றியத்தின் மக்கள் கலைஞர்.”

‘புகழ்பெற்ற’, ‘மாபெரும்’ எதுவும் இதில் இல்லை. பட்டமும் வேடங்களும் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன.

கடைசிப் பத்தியில் பலரும் சோவியத் ஒன்றியம் கலைந்ததோடு நடிகரையும் கலைத்துவிடுவார்கள். 1990க்குப் பிறகு தீஹனவ் குறைவாக நடித்தார், ஆனால் நடித்தார். 1998இல் செர்கேய் உர்ஸுல்யாக்கின் ‘வெற்றி நாளுக்கு ஒரு கட்டுரை’ படத்தில் மிஹயீல் உல்யானவ், அலெக் யெஃப்ரேமவ் ஆகியோரோடு மூன்று பழைய போர்வீரர்களில் ஒருவர். 2006இல் எல்தார் ரியஸானவ் எடுத்த, குழந்தைக் கதை எழுத்தாளர் ஆண்டர்சனின் வாழ்க்கைப் படத்தில் கடவுள் வேடம். மூன்றாண்டு கழித்து மாஸ்கோவில் இறந்தார். அடக்கம் செய்யப்பட்ட இடம் நொவதேவிச்சியெ கல்லறை; வகான்கவோ அல்ல. மாஸ்கோவின் இந்த இரண்டு கல்லறைகளிலும் நடிகர்கள் நிறையப் பேர் உறங்குவதால் இதையும் ஒரு முறை சரிபார்த்துவிட்டு அனுப்புங்கள்.